எந்திரத்துக்கு ஒரு நீர். ஏழைக்கு ஒரு நீர்!



செல்வம் கொழிக்கும் நாடென்று சொல்லப்படும் அமெரிக்காவிலே, மிச்சிகன் மாநிலத்திலே, பிளின்ட் என்றோர் ஊர் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து, 44 நாள் வெளியேற மறுத்து, சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஊர். பின்னர் ஆலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று, வசதியுள்ளோர் வெளியேறினர். எஞ்சியோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நால்வர் வறியோர்.

கடன்பட்ட நகரமெனக் காரணம் காட்டி, 2011-இல் மாநில அரசு அங்கே நெருக்கடி நிர்வாகி ஒருவரை அமர்த்திற்று. மேயர் உண்டு, நகர மன்றம் உண்டு. அதிகாரம் மட்டும் இல்லை! அச்சட்டம் வேண்டாவென 2012 நவம்பரில் மாநில மக்களே வாக்களித்து வீழ்த்தினர். அடுத்த மாதமே சட்டமன்றம் அதுபோன்ற இன்னொன்றை இயற்றிற்று. இம்முறை அதனுள் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் செருகினர். ஏன் தெரியுமா? நிதி ஒதுக்கும் சட்டத்தை அங்கே மக்கள் வாக்கெடுப்பால் வீழ்த்த இயலாது! சூழ்ச்சியிலும் எத்துணை நுட்பம்!

டெட்ராயிட் நகரின் வழியே ஹூரான் ஏரி நீரைப் பெற்றுவந்த அவ்வூருக்கு, சிக்கனத்தின் பெயரால், 2014 ஏப்ரல் 25 அன்று பிளின்ட் ஆற்று நீர் திறந்துவிடப்பட்டது. பழைய ஊர், வீட்டு இணைப்புக் குழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. குழாயின் உட்புறம் படியும் மெல்லிய படலமே காரீயத்தை நீரில் கலவாது காப்பது. அப்படலத்தைக் காக்கப் பாஸ்பேட் சேர்ப்பர். டெட்ராயிட் நீரில் அது இருந்தது. அரிக்கும் தன்மை மிகுந்த ஆற்று நீருக்கோ சேர்க்கவில்லை. படலம் கரைந்தது, காரீயம் கலந்தது.

காரீயத்துக்கு நீரிலே நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காய்ச்சினாலும் அகலாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குழந்தையின் மூளையைத் தாக்கி அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். குன்றியதை மீட்க மருந்தில்லை. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரும்புத் துருவால் பழுப்பேறிய நீரைப் புட்டியிலே ஏந்தி மக்கள் முறையிட்டனர். "தீங்கில்லை, பருகுக" என்றனர் அதிகாரிகள். ஆனால் 2014 அக்டோபரில், எந்திர உறுப்புகளை அந்நீர் அரிக்கிறதென்று கார்த் தொழிற்சாலை சொன்னதும், அதற்கு மட்டும் ஏரி நீர் கிடைத்தது! 2015 சனவரியில், அவ்வூரிலிருந்த மாநில அரசு அலுவலகத்துக்குப் புட்டி நீர் வந்திறங்கிற்று. ஊராருக்கு? அதே குழாய், அதே நீர்.

இது பொறியாளர் பிழை, இதில் அரசியலைக் கலப்பதேன் என்பார் உளர். பிழை எங்கும் நேரும். ஆனால் ஓராண்டுக்கு மேலாக ஊரே ஓலமிட்டும் அது திருத்தப்படாததேன்? 2015 மார்ச்சில் நகர மன்றம் 7-க்கு 1 என்று பழைய நீருக்குத் திரும்பத் தீர்மானித்தது. நிர்வாகி ஏற்க மறுத்தார். எப்படி ஏற்பார்? அந்த வீட்டுப் படிகளில் ஏறி, "உங்கள் வாக்கைத் தாருங்கள்" என்று கேட்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லையே!

இறுதியில் மக்களே வீடுவீடாக நீரைச் சேகரித்து, வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்களிடம் தந்தனர். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் கணக்கை வெளியிட்டார்: இரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் விழுக்காடு ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. முதலில் மறுத்த அரசு, பின்னர் ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பழைய நீர் திரும்பிற்று. இதற்கிடையே லீஜியனேர்ஸ் நோயால் மாண்டோர், அரசுக் கணக்கிலேயே 12 பேர்.

அப்போதைய ஆளுநர் ரிக் ஸ்னைடர் (அங்கே ஆளுநர், நம் நாட்டைப்போல் நியமனம் பெறுபவர் அல்லர்) மீது 2021-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, நடைமுறைக் குறையால் விசாரணைக்கே வராமல் வீழ்ந்தது. 2023-இல் குற்ற வழக்குகள் முடித்துவைக்கப்பட்டன. ஏறக்குறைய 11,000 காரீயக் குழாய்களை மாற்றும் பணியோ 2025-இல்தான் நிறைவுற்றது. நஞ்சு ஓடிய அந்தப் பதினெட்டு மாதங்களிலும் தண்ணீர்க் கட்டணச் சீட்டு மட்டும் வீடுதோறும் வந்துகொண்டிருந்தது.