குறைத்து ஊற்றினால் பிழைக்கும் கள்ளிமுளையான்



கொடிகாமம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மாம்பழம், பலாப்பழம், தேங்காய். தென்மராட்சியில் ஒரு வளவுக்குள் நுழைந்தால் தலைக்கு மேல் நிழல்தான். ஆனால் இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது நிமிர்ந்து பார்க்கும் மரத்தைப் பற்றி அல்ல. குனிந்து தேட வேண்டிய ஒரு செடியைப் பற்றி. வறண்ட நிலத்துப் பற்றைகளுக்குள், முட்செடிகளின் அடியில் ஒளிந்து நிற்கும் அதன் பெயர் கள்ளிமுளையான். ஒரு சாண் வளரும். மிஞ்சினால் ஒரு முழம். தென்னிந்தியாவிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இயற்கையாக வளர்வது. நம் நாட்டில் இன்று அரிதாகவே கண்ணில் படுகிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு ராத்தா கேட்டார்: “மௌலவி, நிழலும் தராது, பூவுக்கும் நல்ல வாசமில்லை. இதை வளர்த்து என்ன பயன்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கம். முதலில் செடியை அறிந்துகொள்வோம்.

எப்படி அடையாளம் காண்பது?

தண்டு சதைப்பற்றாக, நான்கு பட்டையாக இருக்கும். நிறம் சாம்பல் கலந்த பச்சை. இலை இல்லை என்றே சொல்லலாம். பொடி இலைகள் முளைத்தவுடன் உதிர்ந்துவிடும். இதில் இரு வகைகளைச் சொல்வார்கள். ஒன்றில் தண்டின் நுனி மெலிந்து நீண்டு, அதில் சிறு பூக்கள் தொங்கும். மற்றதில் கரும்பழுப்புப் பூக்கள் நுனியில் பந்து போலக் கூடியிருக்கும். காய் இரட்டைக் கொம்பு போல இருக்கும். அது வெடித்தால் பட்டு நூல் கட்டிய விதைகள் காற்றில் பறக்கும். எருக்கங்காயை உடைத்து விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. எருக்கும் கள்ளிமுளையானும் ஒரே குடும்பத்துச் செடிகள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பெயரில் கள்ளி இருப்பதால் இதைச் சதுரக்கள்ளியோடும் திருகுகள்ளியோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கள்ளிகளைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கள்ளிமுளையானைக் கீறினால் பால் வராது, தெளிந்த நீர்தான் கசியும். சந்தேகம் இருந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, கத்தி முனையால் சிறிது கீறிப் பாருங்கள். பால் கண்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய், தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். இன்னொன்று: பால் வராத சதைச்செடி எல்லாம் கள்ளிமுளையான் ஆகிவிடாது. பூவைக் கண்டு உறுதி செய்யும் வரை எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

பெயரில் ஒரு செய்தி

கிழக்கிந்தியக் கம்பனியில் வைத்தியராக இருந்த வில்லியம் ரொக்ஸ்பர்க் என்ற ஸ்கொத்லாந்துக்காரர், சோழமண்டலக் கரையின் செடிகளைப் படம் வரைவித்து, 1795இல் தொடங்கிப் பெரிய நூலாக வெளியிட்டார். கள்ளிமுளையானும் அதில் உண்டு. தெலுங்கு மக்கள் சொன்ன ‘கார் அல்லம்’ என்ற பெயரையும் அவர் குறித்து வைத்தார். பின்பு ரொபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1810இல் அதிலிருந்தே ‘கரலுமா’ என்று இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார்.

ஆனால் சில நூல்களில் இது அரபுச் சொல் என்று எழுதியிருக்கிறார்கள். ‘சதையின் புண்’ என்ற பொருளில் ஓர் அரபுத் தொடரிலிருந்து வந்ததாம். பூவின் அழுகிய வாடைக்காக அப்படிப் பெயர் வந்ததாம். அரபி படித்தவர்களுக்கு இது இனிப்பான செய்திதான். யெமன், ஓமான் மலைகளிலும் இதன் சொந்தங்கள் வளர்கின்றன என்பதால் நம்பவும் தோன்றும். ஆயினும் ரொக்ஸ்பர்க் எழுதி வைத்த தெலுங்குப் பெயர் கண் முன்னே இருக்கும்போது அரபிக்கு உரிமை கொண்டாட முடியாது. உரியவருக்கு உரியதைக் கொடுப்பதுதான் நீதி.

பகலில் வாய் மூடும் செடி

இதை வளர்ப்பதற்கு முன் இதன் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றச் செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். அந்த வழியாகவே தண்ணீரும் ஆவியாகிப் போகும். வறண்ட நிலத்துச் சதைச்செடிகள் பலவும் நோன்பாளியைப் போலப் பகலில் வாயை மூடிக்கொள்கின்றன. இரவு குளிர்ந்த பின்பே திறந்து, எடுத்த காற்றைப் புளிப்பாக மாற்றிச் சேமிக்கின்றன. பகலில் வெயிலின் உதவியால் அந்தச் சேமிப்பை உணவாக்குகின்றன.

இந்தப் புளிப்பை முதலில் நாக்கால் கண்டு எழுதியவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன். இலையிலேயே குட்டி போடும் ரணகள்ளியைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று 1813இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சியாளர்கள் அதன் முழு விளக்கத்தையும் கண்டுபிடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதிலிருந்து நமக்குப் பாடம் இதுதான்: தண்ணீரைச் சேமிக்கவே பிறந்த செடிக்கு நாள்தோறும் வாளியோடு போய் நிற்பது உபகாரம் அல்ல. சட்டியில் வைத்த கள்ளிமுளையான் பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, நம் அன்பால்!

வளர்க்கும் முறை

1. சட்டி: அடியில் துளையுள்ள சிறிய மண்சட்டி போதும். பெரிய சட்டியில் ஈரம் தேங்கும். பிளாஸ்டிக் பேணியை விட மண்சட்டி நல்லது. அது ஈரத்தை வெளியே விடும்.

2. மண்: பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய எருவும் தோட்டத்து மண்ணும் சேர்த்து ஒரு பங்கு. கடல் மணல் வேண்டாம். உப்பு வேரைக் கருக்கும்.

3. நடுதல்: வேரோடு பிடுங்க வேண்டியதில்லை. ஒரு விரல் நீளத் துண்டை, தண்டு ஒடுங்கும் இடத்தில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். உடனே நடாதீர்கள். நிழலில் ஐந்தாறு நாள் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பின் அரை அங்குல ஆழத்தில் நட்டு, சாயாதபடி சிறு கல் முட்டுக் கொடுங்கள். முதல் வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு இலேசாகத் தெளித்து வந்தால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

4. வெயில்: காட்டில் இது முட்பற்றையின் அரை நிழலில் வாழ்வது. காலை வெயிலும் மதிய நிழலும் உள்ள திண்ணை ஓரம் பொருத்தம். உச்சி வெயிலில் வைத்தால் தண்டு சிவந்து சுருங்கும்.

5. தண்ணீர்: கோடையில் பத்து நாளைக்கு ஒரு முறை, மாலையில். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்றாதீர்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி கொட்டும்போது சட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். உவர்க் கிணற்று நீரானால் சட்டி மேல் வெள்ளைப் பூப்புக் கட்டும். அப்படியான வீடுகளில் பிடித்து வைத்த மழைநீரே நல்லது.

6. நோய்: அடித்தண்டு மஞ்சளாகிக் குழைந்தால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். தயங்காமல் நல்ல பகுதியை மேலே வெட்டியெடுத்து மறுபடி காயவைத்து நடுங்கள். மாவுப்பூச்சி கண்டால் சவர்க்கார நீரில் சில துளி வேப்பெண்ணெய் கலந்து, பஞ்சால் துடையுங்கள்.

7. பூ: பூத்தால் ஈ வரும். அந்த வாடை ஈயை அழைப்பதற்குத்தான். மகரந்தத்தைக் கொண்டுபோவது ஈதான். ஆகவே சட்டியைக் குசினி யன்னலோரம் வைக்காதீர்கள்.

கற்றாழைக்கு அரபியில் ‘ஸபிர்’ என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ரு’ம் அதே வேரிலிருந்து வருவது. இந்தச் செடியை வளர்ப்பவருக்கும் வேண்டியது அந்த ஸப்ருதான். சில மாதங்கள் எந்த வளர்ச்சியும் தெரியாது. இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

மெலிவதற்கு மாத்திரையா?

இப்போது ராத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் பல இடங்களில் ஏழை மக்களும் பழங்குடியினரும் இந்தத் தண்டைப் பசியடக்க மென்றிருக்கிறார்கள். துவையல், ஊறுகாய் செய்வதும் உண்டு. இன்று அதே செடியின் சாறு, உடல் மெலிய என்று மாத்திரையாக உலகெங்கும் விற்பனையாகிறது. நம் குமர்ப்பிள்ளைகளும் விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

உண்மை என்ன? பெங்களூரில் பருமனான 50 ஆண் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தினம் ஒரு கிராம் சாற்றுத்தூள், மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து, 60 நாட்கள். சாறு உண்டவர்களுக்குப் பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. ஆனால் உடல் எடையில் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை நம்பிப் பணத்தைக் கொட்டலாமா? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. தென்னாபிரிக்காவின் கலஹாரி வறண்ட நிலத்தில் ஹூடியா என்றொரு செடி, நம் கள்ளிமுளையானின் நெருங்கிய உறவு. ஸான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமலிருக்க மெல்வது. 1990களில் அந்நாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஸான் மக்களிடம் கேளாமலே அதன் சாரத்துக்குக் காப்புரிமை பெற்றது. அவர்களுக்குப் பங்கு கொடுக்கும் உடன்படிக்கை 2003இல்தான் ஏற்பட்டது. மெலியும் ஆசை உலகெங்கும் பரவி, காட்டுச் செடிகளுக்கு ஆபத்து வந்தது. 2004இல் அதன் வணிகத்தைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதில் பணம் போட்ட யூனிலீவர் கம்பனியும் பாதுகாப்பிலும் பலனிலும் திருப்தியில்லாமல் 2008இல் கைவிட்டது.

நம் கையில் இருப்பது

காட்டில் போய்ப் பிடுங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அரச காடுகளில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். அதோடு கொடிகாமத்துக்குத் தென்கிழக்கே முகமாலைப் பக்கம் நீண்ட காலம் போர்முனையாக இருந்த இடம். கண்ணிவெடிப் பலகை உள்ள இடத்தில் ஒரு செடிக்காகக் கால் வைக்கக் கூடாது.

நான் சொல்வது சொந்த வளவைப் பற்றி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சாவகச்சேரி முஸ்லிம்களும் அப்போது வீடு வளவை விட்டுப் போனவர்களே. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சித் தமிழ் மக்களும் இடம்பெயர்ந்தார்கள். ஆளில்லாத வளவுகளில் பற்றை மண்டியது. திரும்பி வருபவர்கள் இயந்திரத்தைப் பிடித்து ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள். வீடு கட்ட வேண்டும், பாம்புக்குப் பயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பற்றைக்குள் என்ன இருந்தது என்று எவரும் பார்ப்பதில்லை.

கண்ணிவெடி அகற்றிய நிலம் என்று உறுதியான பின், இயந்திரம் வருவதற்கு முதல் நாள் வேலியோரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். நான்கு பட்டைத் தண்டு கண்டால் விரல் நீளம் ஐந்தாறு துண்டு வெட்டிக் கடதாசியில் சுற்றி வையுங்கள். ஒரு கிழமை கிடந்தாலும் சாகாது. உங்கள் திண்ணையில் ஒரு சட்டி வையுங்கள். வேலிக்கு அப்பால் இருக்கும் அயல்வீட்டு அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். மாரியில் உங்களுடையது அழுகினாலும் அங்கிருந்து மறுபடி வாங்கி நடலாம்.

“என்ன பயன்?” என்ற ராத்தாவுக்கு என் பதில் இதுவே: பயனை இனி வருபவர்கள் கண்டுபிடிக்கட்டும். அவர்கள் தேடும்போது செடி இருக்க வேண்டும்.