பிள்ளை விடுதிக்குப் போன பிறகு



பிள்ளை மேற்படிப்புக்குப் போகிற நாளுக்கு ஒரு மாதம் முன்பே நாம் தயாராகி விடுகிறோம். வாளி, போர்வை, தைல போத்தல், முறுக்கு டின் என்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குகிறோம். சங்லூன் மெட்ரிகுலேஷன் கல்லூரி வாசலில் பெட்டியை இறக்கி, கண்ணைத் துடைத்துக் கொண்டு திரும்புகிறோம். மறுநாள் வீட்டில் மிஞ்சியிருக்கும் இரண்டு பேரைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

தோட்டத்துக் குடும்பங்களில் கணவன் மனைவி பேச்சு பெரும்பாலும் பிள்ளையைச் சுற்றியே நடக்கிறது. டியூஷன் காசு கட்டியாயிற்றா? சப்பாத்து கிழிந்து விட்டதா? பரீட்சை எப்போது? பதினெட்டு வருடம் இப்படியே பேசிப் பழகியவர்களுக்குப் பிள்ளை போனதும் பேச்சே நின்று விடுகிறது. ஒருவர் தொலைக்காட்சி முன்னால், மற்றவர் அடுக்களையில். சில வீடுகளில் அந்த மௌனத்துக்குள் மதுப் போத்தல் புகுந்து விடுகிறது. அதன் பிறகு வரும் சண்டையைப் பக்கத்து வீடும் கேட்கிறது. விடுதியில் இருக்கிற பிள்ளையும் எப்படியோ கேள்விப்படுகிறது.

அதனால்தான் சொல்கிறேன்: பிள்ளை விடுதிக்குப் போனாலும் சரி, மூன்று நாள் பள்ளி முகாமுக்குப் போனாலும் சரி, நீங்கள் இருவரும் ஒரு நாளாவது சேர்ந்து வெளியே போய் வாருங்கள்.

பால்மரம் வெட்டும் தாய் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “பிள்ளையை விட்டுட்டு நாங்க மட்டுமா, டீச்சர்? நாலு பேரு சிரிப்பாங்க” என்றார். கடைசியாகக் கணவரோடு பினாங்குக்கு எப்போது போனீர்கள் என்று கேட்டேன். கல்யாணமான வருடம் தைப்பூசத்துக்காம். அதற்குப் பிறகு போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும்தான். திகாம் பத்திலிருந்து பினாங்கு என்ன கடல் கடந்த சீமையா?

அடுத்த தடை லீவு. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை மேனேஜர் இரங்கிக் கொடுப்பதல்ல. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கொடுத்த உரிமை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்பவருக்கு, 2 ஆண்டுக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்கு 8 நாள். 2 முதல் 5 ஆண்டுக்குள் 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராத நாட்கள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த ஆண்டின் விடுமுறை உரிமை போய்விடும். நினைத்தபடி வேலைக்கு மட்டம் போடுகிறவர்கள் இழப்பது ஒரு நாள் கூலியை மட்டுமல்ல. கணவன் மனைவி இருவரும் தேதியைப் பேசி முடிவு செய்து, மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லி ஒரே நாளில் லீவு எடுங்கள்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சுங்கைப் பட்டாணியில் ரயில் ஏறினால் பட்டர்வொர்த். ஸ்டேஷன் பக்கத்திலேயே பெர்ரித் துறை. பழைய பெர்ரிகள் கார்களை ஏற்றுவது 2020-ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது. 2023-இல் வந்த புதிய படகுகளில் மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும்தான் போகலாம். நமக்கு அது போதும். 1985-இல் பாலம் திறந்த பிறகு பிறந்தவர்களில் பெர்ரியில் கால் வைக்காதவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. கடல் காற்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள்.

தண்ணீர்மலையை நாம் தைப்பூசக் கூட்டத்தில்தான் பார்த்திருப்போம். சாதாரண நாளில் அந்த 513 படிகளை நின்று நின்று, பேசிக் கொண்டே ஏறலாம். அருகிலேயே 1884-இல் அமைத்த பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கொஞ்சம் காசு சேர்ந்திருந்தால் 1923-இல் ஓடத் தொடங்கிய கொடிமலை ரயிலில் ஏறலாம். அடையாள அட்டையைக் காட்டினால் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. மாலையில் லிட்டில் இந்தியா. அங்கே அம்மா பிள்ளைக்கு என்று எதையும் தேடாமல், தனக்கென்று ஒரு பொருள் வாங்கட்டும். அன்று அடுக்களைக்கும் லீவு, கடையில் சாப்பிடுங்கள்.

கெடாவில் பள்ளிகளுக்கு வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கில் வெள்ளி வேலை நாள். முடிந்தால் வெள்ளிக்கிழமை போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.

சில எச்சரிக்கைகள். வட்டிக்கு வாங்கிப் போக வேண்டாம். மாதம் பத்து வெள்ளி டின்னில் போட்டு வந்தாலே வருடத்தில் 120 வெள்ளி சேரும். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வையுங்கள். கேஸை அடைத்து விட்டுப் புறப்படுங்கள்.

முக்கியமாக, பிள்ளைக்கு மறைக்காதீர்கள். விடுதிக்குப் போகும் பிள்ளைகள் பலர் புத்தகத்தோடு வீட்டுக் கவலையையும் சுமந்து போகிறார்கள். அப்பா குடிக்கிறாரா, அம்மா அழுகிறாளா என்று நினைத்துக் கொண்டே பாடத்தில் உட்காருகிறார்கள். “நானும் அப்பாவும் பினாங்கு போய் வந்தோம், ஐயா” என்று அம்மா போனில் சொன்னால் பிள்ளை முதலில் சிரிப்பான். அன்று இரவு நிம்மதியாகப் படிப்பான்.