வேலியில்லாத ஒழுங்கை



மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு, நாங்கள் நித்திரையாக இருக்கும்போதே மணிக்கூடு இரண்டுக்குத் தாவிவிடுகிறது. திங்கட்கிழமை காலை அந்த ஒரு மணி நேரத்தைப் பறிகொடுத்த கோபத்தோடுதான் எல்லோரும் வேலைக்குப் போகிறோம். பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கோபம் போய்விடும். ஐப்பசியில் இருந்து இருட்டில் போய் இருட்டில் வந்த கண்ணுக்கு, வீட்டு வாசலில் வெளிச்சம் காத்திருக்கும். ‘இனி எங்கேயாவது வெளிக்கிடலாம்’ என்ற எண்ணம் எங்கள் வீட்டில் வருடா வருடம் அந்தத் திங்கட்கிழமைதான் பிறக்கிறது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறோம். பாடமாக்கினோமே தவிர, ஊரில் சித்திரை வெயிலுக்குத் தார் றோட்டு இளகும்போது அதில் இளமை எதையும் நான் கண்டதில்லை. அந்தச் சொல் எனக்கு விளங்கியது இங்கே வந்த பிறகுதான். கழுத்தில் சால்வையும் முகத்தில் வெயிலுமாக, மொட்டு வெடித்த செரி மரத்துக்குக் கீழே நின்றபோது, ‘ஓ, இதற்குத்தான் அந்தப் பெயரா’ என்று தோன்றியது.

விளங்கினாலும் அனுபவிக்கப் பல வருடங்கள் எடுத்தன. ஈஸ்டருக்கு முந்திய வெள்ளி, பிந்திய திங்கள், மே மாதத்து முதல் திங்கள், கடைசித் திங்கள் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வசந்தத்தில் நான்கு விடுமுறை நாட்கள் வருகின்றன. எங்களில் பலருக்கு அவை இரட்டைச் சம்பள நாட்களாகவே இருந்தன. பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வெள்ளைக்காரர் விட்டுப்போன வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஊரில் கடன் இருந்தது, தங்கைக்குக் கலியாணம் இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மிஞ்சிய சனி ஞாயிறுகளைப் பிறந்தநாள் விழாக்களும் சாமத்தியச் சடங்குகளும் கோயில் தேரும் எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்கள் பார்த்த பிரித்தானியா பெரும்பாலும் மோட்டார்வேயும் மண்டபமும்தான்.

எங்கள் வீட்டில் இது மாறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா அப்போது ஹாரோவில் எங்களோடு எட்டு வருடம் இருந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த இங்கிலாந்து என்பது வீடு, கோயில், தமிழ்க் கடை, டொக்டர். ஒரு ஈஸ்டர் விடுமுறையில் ஒன்பது வயது மகள் அலுப்புக் கொடுக்க, மெற்றொபொலிற்றன் ரயிலில் ஏறி, அது போய் நிற்கும் இடம்வரை போவோம் என்று கிளம்பினோம். அது போய் நின்ற இடம் செஷம். நகர மத்தியில் இருந்து மிகத் தூரத்தில் இருக்கும் லண்டன் பாதாள ரயில் நிலையம் அதுதான். ஒய்ஸ்டர் கார்ட்டைத் தட்டிவிட்டு வெளியே வந்தால், கொஞ்ச நடையில் செஸ் என்ற சின்ன ஆறு. அதன் ஓரமாக ஒற்றையடிப் பாதை.

பாதை ஒரு படலையில் போய் முடிந்தது. படலைக்கு அப்பால் பச்சைப் பசேலென்று புல்வெளி. அதில் செம்மறிகள், தாயின் மடியை முட்டிக்கொண்டு குட்டிகள். அம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

“உது ஆற்றையோ காணியெல்லே? உள்ளுக்கை பூந்து போக ஏசமாட்டினமே?”

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். வேலி அடைக்கும்போது கதியால் அரை அடி தள்ளிவிட்டது என்று இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று ஒவ்வொன்றும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும். எழுதியும் வழக்குப் போகும். இருபுறமும் வேலி நிற்கிற ஒழுங்கையில் நடந்து பழகிய அம்மாவுக்கு, பிறத்தியாருடைய காணியின் நட்டநடுவே நடப்பது களவெடுக்கப் போவது போல இருந்தது.

மகள் படலைக் கம்பத்தில் இருந்த பலகையைக் காட்டினாள். “பப்ளிக் ஃபுட்பாத் எண்டு போட்டிருக்கு அம்மம்மா. நாங்களும் பப்ளிக்தானே?”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வேலி இல்லாத இடத்தில்கூட ஒரு வேலியைக் கற்பனை செய்துகொண்டு இப்பால் நின்றது அம்மா மட்டுமா, இருபது வருடம் வரி கட்டிய நானும்தானா?

அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதுவும் ஒரு வசந்த காலத்துக் கதை. 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மன்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள், வேலையில்லாத இளைஞர்கள் என்று சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் ஏறினார்கள். வாரம் முழுவதும் புகையைச் சுவாசித்தவர்கள் ஒரு நாள் நல்ல காற்று வாங்க விரும்பினார்கள். அந்த நிலமோ பிரபுக்கள் பறவை வேட்டையாட ஒதுக்கி வைத்த நிலம். காவலாட்களோடு கைகலப்பு வந்தது. முன்னின்ற பென்னி ரொத்மன் என்ற இருபது வயது இளைஞர் உட்பட ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பதினேழு வருடம் கழித்து, 1949இல், தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதை உரிமைக்கும் சட்டம் வந்தது. முதல் தேசியப் பூங்காவாக 1951இல் அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ற்றுக்குள்தான் கிண்டர் ஸ்கவுட் இருக்கிறது. எழுபதாவது ஆண்டு நினைவு விழாவில், 2002இல், அன்றைய நிலச் சொந்தக்காரரின் பேரனான டெவன்ஷயர் பிரபு அதே இடத்துக்கு வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளத்துக்கு இப்படியான பொதுப் பாதைகள் இருக்கின்றன. ஓர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடத்தில் அவை பச்சைக் கோடுகளாக இருக்கும்; வழியில் மஞ்சள் அம்புக்குறி நடைபாதையைக் காட்டும். பாதை யாருடைய காணிக்குள்ளால் போனாலும் அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதையை விட்டு விலகாமல் இருந்தால் போதும். ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளம்: பொறுப்போடு நடப்பவருக்குப் பெரும்பாலான நிலம் திறந்தே இருக்கிறது.

செஸ் ஆற்றின் கரையில் அன்று அம்மா இன்னொன்றையும் கண்டுபிடித்தார். “கிணத்துத் தண்ணி மாதிரியெல்லே இருக்கு!” அவர் சொன்னது சரி. அது சுண்ணக்கல்லுக்குள் ஊறி வெளியே வருகிற ஊற்று நீர். எங்கள் ஊர்க் கிணற்று நீரும் சுண்ணக்கல்லில் ஊறுவதுதான். லண்டனில் எங்கள் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் இதே சுண்ணாம்புதான். தலைக்கு மேலே பிளவுபட்ட வாலோடு செந்நிறப் பருந்துகள் வட்டமிட்டன. ரெட் கைட் என்ற அந்தப் பறவை இங்கிலாந்தில் அடியோடு அழிந்துபோய், 1989 முதல் ஸ்பெயினில் இருந்து கொண்டுவந்து சில்டெர்ன் குன்றுகளில் விட்டுப் பெருக்கிய இனம் என்று சொன்னேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அப்ப உதுகளும் எங்களை மாதிரி வந்ததுகள்தான்.”

இந்த வசந்தத்தில் நீங்கள் எங்கே போகலாம்? எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் பின்பாதியில் இருந்து மே நடுப்பகுதிவரை ஒரு புளூபெல் காட்டுக்குப் போய் வாருங்கள். மரங்கள் இலை விட்டு வெளிச்சத்தை மறைப்பதற்கு முன் பூத்து முடிக்க வேண்டும் என்று அவசரப்படும் பூ அது. அதனால் ஒரு சில வாரங்களுக்குக் காட்டின் தரை முழுவதும் நீலமாகிவிடும். உலகத்துப் புளூபெல்லில் ஏறத்தாழப் பாதி இந்த நாட்டில்தான் என்கிறார்கள். லண்டனுக்கு அருகில் ஹார்ட்ஃபட்ஷயரின் ஆஷ்ரிஜ் பெயர்பெற்றது. ஒரு வேண்டுகோள்: பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டிப் பூவுக்கு நடுவே இருத்திப் படம் எடுக்கும் ஆசை எங்களுக்கு உண்டு. மிதிபட்ட இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது. செடி தேறப் பல வருடங்கள் ஆகும். பாதையில் நின்றே எடுங்கள், படம் நன்றாகத்தான் வரும்.

இரண்டு நாள் கிடைத்தால் வேல்ஸுக்குப் போங்கள். காமாதன்ஷயர் மலைப் பள்ளத்தாக்கில், இலங்கையில் பிறந்த குரு சுப்ரமணியம் 1973இல் தொடங்கிய ஆச்சிரமம் ஸ்கந்தவேல். ஆங்கிலத்தில் அந்த ‘வேல்’ பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல். எங்கள் சனத்தின் காதில் அது முருகன் கையில் இருக்கிற வேல்தான். அங்கே வெள்ளைக்காரத் துறவிகள் முருகனுக்குப் பூசை செய்வதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.  மச்சம் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. முன்னதாகவே சைவமாக இருந்துகொள்ளுங்கள். மறுநாள் இன்னும் மேற்கே போனால் டென்பிக் கடற்கரை.

வடக்கே இருப்பவர்களுக்கு யோக்ஷயரின் பெம்ப்டன் பாறை முனை. நிறம் தீட்டிய சொண்டோடு பஃபின் பறவைகள் ஏப்ரலில் வந்து கூடு கட்டி, கோடை நடுவில் கடலுக்குத் திரும்பிவிடும். படகு ஏறாமலே பார்க்கலாம். நோர்தம்பலன்ட்டின் லின்டிஸ்ஃபான் தீவுக்குப் போகிறவர்கள் வற்றுப்பெருக்கு நேரத்தைப் பார்த்துவிட்டே காரை இறக்குங்கள். நாளுக்கு இரண்டு தடவை கடல் அந்தப் பாதையை மூடிவிடும். நம்பாமல் போய்க் காரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் பலர்.

செலவைப் பற்றி. ஃபமிலி அன்ட் ஃபிரென்ட்ஸ் ரயில் கார்ட் ஒன்று எடுத்தால், பிள்ளை ஒன்றாவது கூட வரும் பயணத்தில், பெரியவர்கள் நால்வர்வரை மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகள் நால்வர்வரை 60 வீதமும் கட்டணம் குறையும். காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் உண்டு. இராத் தங்க, 1930இல் தொடங்கிய யூத் ஹொஸ்டல் சங்கத்தின் விடுதிகளைப் பாருங்கள். பெயரில்தான் இளைஞர், குடும்ப அறைகள் உண்டு, பலவற்றில் நாமே சமைக்கச் சமையலறையும் உண்டு. மலையில் ஏறி இறங்கிய பசிக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? பகலுக்குக் கட்டுச்சோறு, ரோல்ஸ், பிளாஸ்க்கில் தேத்தண்ணி. ஏப்ரல் வானத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றும் ஒரே மத்தியானத்தில் வரும். தடித்த கோட் ஒன்றைவிட மெல்லிய உடுப்பு மூன்றும் ஒரு மழைச் சட்டையும் நல்லது. சேற்றுக்குத் தாங்கும் சப்பாத்து கட்டாயம்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பார்த்து முடிக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு பாதை போதும். போய் வந்து எங்களுக்கு எழுதுங்கள். வீட்டில் அம்மம்மாவும் பிள்ளைகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் இடம் வைத்திருக்கிறேன்.

செஷம் பயணத்தில் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் படலைக்குள்ளால் நாங்கள் எல்லோரும் போய்விட்டோம். கொஞ்சத் தூரம் நடந்து திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அவர் இன்னும் படலையடியில் நின்று கொளுக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “ஆட்டுக்குட்டியள் வெளியில போயிடுமெல்லே! படலையைச் சாத்தாமல் போறியள்!” என்று எங்களுக்கு ஏச்சு விழுந்தது. ஆரோ ஏசுவார்கள் என்று கால் மணி நேரத்துக்கு முன் தயங்கி நின்ற அதே அம்மா.

அன்றிலிருந்து எந்தப் பாதையில் போனாலும் அவர்தான் கடைசி ஆள். நாங்கள் எல்லோரும் போகும்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு சாத்திவிட்டு, ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

அன்புடன்,
ஆசிரியர்