சாதிக்கு ஒரு கட்டம்கூட இல்லை

"சாதி ரொம்ப சென்சிட்டிவான விஷயம். பொருளாதார நிலையை வைத்தே பார்த்துக்கொள்ளலாமே?"

பதினைந்து ஆண்டுகளாக இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சர்வதேசப் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் தரவுப் பிரிவை நடத்துவது என் வேலை. எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், எத்தனை பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள், அந்தக் கணக்கைக் கேட்க எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி இருக்க வேண்டும் என்பதெல்லாம் என் மேசைக்கு வரும். படிவத்தைத் திருத்தும் கூட்டம் ஒவ்வொன்றிலும் சாதிக்கு ஒரு கட்டம் கேட்பேன். உடனே இந்த வாக்கியம் வரும். சொல்லும் ஆள் மாறுவார். சில நேரம் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர். பெரும்பாலும் பெயரின் வாலைப் பார்த்தாலே சாதி தெரிகிற நம் துணைக்கண்டத்துக்காரர். வெள்ளைக்காரர் தெரியாமல் சொல்வார். நம்மவர் தெரிந்தே சொல்வார்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 2015இல் வந்தபோது, யாரையும் பின்தங்க விடமாட்டோம் என்று முழங்கினார்கள். அதில் 17.18 என்று ஓர் உட்பிரிவு உண்டு. தரவுகளை எப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது: வருமானம், பாலினம், வயது, இனம், இனக்குழு, குடிபெயர்வு நிலை, மாற்றுத்திறன், புவியியல் இடம். கடைசியில் 'அந்தந்த நாட்டுச் சூழலுக்குப் பொருத்தமான பிற கூறுகள்' என்று ஒரு வால். பல கோடி மக்களின் பிறப்பையும் இறப்பையும் தீர்மானிக்கிற சாதி அந்த வாலுக்குள் கிடக்கிறது. பொருத்தமா இல்லையா என்று முடிவு செய்வது அந்தந்த நாட்டு அரசு. திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

இது மறதியால் நடந்ததல்ல. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில், சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம், அது இனப்பாகுபாடு ஆகாது என்று இந்திய அரசு நின்றது. தலித் இயக்கங்கள் திரண்டு போய்ப் போராடியும் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் ஏறவில்லை. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாட்டுக்குள் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. ஆனால் பரிந்துரை வேறு, படிவம் வேறு. சுகாதாரப் பணியாளரின் கைக்குப் போவது படிவம்தான்.

சரி, 'பொருளாதார நிலையை வைத்தே பார்க்கலாம்' என்ற வாதத்துக்கு வருகிறேன். டி.எச்.எஸ். என்று அழைக்கப்படும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் 'சொத்துக் குறியீடு' ஒன்று உண்டு. வீட்டில் டிவி இருக்கிறதா, தரை மண்ணா சிமெண்டா, கழிவறை உண்டா, வண்டி உண்டா என்று கேட்டு மதிப்பெண் போட்டு, மக்களை ஐந்து அடுக்காகப் பிரிப்பார்கள். உலகம் முழுக்கச் சுகாதார ஏற்றத்தாழ்வை அளக்க இதுதான் முக்கியமான அளவுகோல். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் சிமெண்டுத் தரை போட்ட சேரி வீட்டுக்குக் கிராமச் செவிலியர் உள்ளே வருவாரா என்று அந்தக் குறியீட்டுக்குத் தெரியாது.

2022இல் வியாஸ், ஹாத்தி, குப்தா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஒன்பது இந்திய மாநிலங்களின் தரவை எடுத்து ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டார்கள். உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளுக்கு 3 ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களுக்குச் சுமார் 1 ஆண்டும் ஆயுள் குறைவு. இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலையால் விளக்க முடியவில்லை என்பது அவர்கள் கண்ட இன்னொரு முடிவு. பாதிக்கு மேல் வேறெதுவோ கொல்கிறது. அந்த 'வேறெதுவோ' என்னவென்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்ற எண்ணை மேடைதோறும் சொல்கிறோம். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையிலேயே அது இருக்கிறது. ஆனால் அது இறந்தவர்களின் சராசரி வயது. ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல. குழந்தைகளும் இளையோரும் கூடுதலாக இருக்கிற சமூகத்தில் இறப்பின் சராசரி வயது தானாகவே குறைந்து தெரியும். எதிரணியில் புள்ளியியல் படித்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்த ஒரு நூலைப் பிடித்து நம் வாதம் முழுவதையும் உருவிவிடுவார். எனக்கு அது நேரடியாக நடந்திருக்கிறது, ஓர் அரங்கு நிறைய ஆட்கள் முன்னால். நம்மிடம் உறுதியான எண் இல்லாமல் போனதற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் அதிகாரபூர்வ ஆயுள் எதிர்பார்ப்பையும் குழந்தை இறப்பு விகிதத்தையும் தருகிற மாதிரிப் பதிவு முறை, கிராமம் நகரம் என்று பிரிக்கும், ஆண் பெண் என்று பிரிக்கும், மாநிலவாரியாகப் பிரிக்கும். சாதிவாரியாக வெளியிடாது. எண்ணைத் தராமல் வைத்துக்கொண்டு, உன் எண் தப்பு என்று சொல்வது ஒரு பழைய தந்திரம். 1932இல் லோதியன் குழு வாக்குரிமைக்காகத் தீண்டத்தகாதோரின் எண்ணிக்கையைக் கேட்டபோது, எங்கள் மாகாணத்தில் அப்படிப்பட்டவர்களே அதிகம் இல்லை என்று சாதி இந்துக்கள் சாதித்தார்கள். அண்ணல் அம்பேத்கர் அந்தக் குழுவுக்குள்ளேயே இருந்து அதை எதிர்த்துத் தனிக்குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

சாதியை விட்டுவிட்டால் அறிவியலே தடுமாறும் என்பதற்கு என் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைவிட இந்தியா வருமானத்தில் மேல். இருந்தும் இந்தியக் குழந்தைகள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிட உயரத்தில் குறைவு. ஏன்? இந்த 'இந்தியப் புதிரை' வைத்துப் பல ஆண்டுகள் கட்டுரை எழுதினார்கள். மரபணு என்றார்கள். மூத்த ஆண் குழந்தைக்கே சோறு போகிறது என்றார்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பது என்றார்கள். பின்னிரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அஸ்வினி தேஷ்பாண்டேவும் ராஜேஷ் ராமச்சந்திரனும் தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. உயர்சாதி இந்துக் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு ஆப்பிரிக்கச் சராசரியைவிடக் குறைவு. பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் அது மிக அதிகம். தீண்டாமை கூடுதலாகப் புழங்கும் பகுதிகளில் அந்தக் குழந்தைகள் இன்னும் குட்டை. சராசரி என்ற போர்வைக்குள் இரண்டு நாடுகள் படுத்திருந்தன. ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்க்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

அரசு சாதியைக் கேட்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு கேட்கிறது, குடும்பத் தலைவரின் சாதியை. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், இவற்றில் எதுவும் இல்லை என்று நான்கு பெட்டிகளில் கடைசியில் அனைவரும் அடைக்கப்படுகிறார்கள். அருந்ததியரும் பறையரும் பள்ளரும் ஒரே பெட்டி. தலித் கிறித்தவர்களின் பாடு இன்னும் மோசம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதி. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவரின் சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் என்கிறது. அவர் சான்றிதழைச் சொன்னால் ஒரு பெட்டி, உண்மையைச் சொன்னால் இன்னொரு பெட்டி. அவரது குழந்தையின் இரத்தசோகை யார் கணக்கில் ஏறும்?

அடுத்து நான் சொல்லப் போவது என் குற்றமும் சேர்ந்தது.

தெற்காசிய நாடு ஒன்றில் நாங்கள் நடத்திய வீட்டு ஆய்வு. நேர்காணல்கள் டேப்லெட்டில் நடக்கும். ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் தானாகப் பதிவாகும். தரவின் தரத்தைச் சரிபார்க்க நாங்கள் முதலில் பார்ப்பதே இந்த நேரத்தைத்தான். சில ஊர்த் தொகுப்புகளில் நேர்காணல்கள் மற்ற இடங்களைவிடப் பாதி நேரத்தில் முடிந்திருந்தன. அதே வீடுகளில் இரத்தசோகைச் சோதனைக்கு நேராக 'மறுத்துவிட்டார்' என்ற குறியீடு வரிசையாக விழுந்திருந்தது. இந்தச் சோதனை எளிது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும்.

மறு ஆய்வுக்கு நானே போனேன். ஊருக்கு வெளியே தலித் குடியிருப்பு. ஒரு பெண்ணிடம், ஏன் இரத்தம் கொடுக்க மறுத்தீர்கள் என்று கேட்டேன். "மறுக்கவில்லை. யாரும் என் விரலைத் தொடவே இல்லை. வாசலுக்கு அப்பால் நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள்" என்றார். அடுத்த வீட்டிலும் அதேதான். களப்பணியாளர்கள் எந்தச் சாதி என்று விசாரித்தேன். விசாரித்திருக்கக் கூடாதாம், அது அலுவலக ஒழுங்குமுறைக்கு எதிரானதாம்!

அறிக்கை எழுதும் நாள் வந்தது. 'களப்பணியாளர்கள் தலித் பெண்களைத் தொட மறுத்ததால் தரவு விடுபட்டது' என்று எழுதினேன். மூன்று சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு அது, சில தொகுப்புகளில் பதிலளிப்போர் மறுப்பு விகிதம் அதிகம் என்று ஆனது. மறுத்தவர்கள் அந்தப் பெண்கள் ஆகிவிட்டார்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். இணையத்தில் அந்த அறிக்கை இன்னும் இருக்கிறது. யாரோ ஒரு மாணவர் எங்கோ அதை மேற்கோள் காட்டி, விழிப்புணர்வு இல்லாததால் விளிம்புநிலைப் பெண்கள் சோதனைக்கு ஒத்துழைப்பதில்லை என்று எழுதிக்கொண்டிருப்பார்.

தரவு கேட்பதே ஆபத்து என்று சொல்லும் தோழர்கள் உண்டு. மருத்துவமனைச் சீட்டில் சாதி எழுதினால் அந்தச் சீட்டைப் பார்த்தே ஒதுக்க மாட்டார்களா என்கிறார்கள். நியாயமான பயம். ருவாண்டாவில் இனக்குழு அச்சிட்ட அடையாள அட்டையைப் பார்த்துத்தான் 1994இல் வெட்டினார்கள். நோயாளியின் சீட்டில் சாதி எழுதுவதை நானும் எதிர்க்கிறேன். நேபாளம் தன் சுகாதாரப் பதிவேடுகளிலேயே சாதி, இனக்குழுவுக்குக் குறியீடு வைத்திருக்கிறது; அதனால் அங்கே எந்தச் சமூகத்துக்குச் சேவை போகவில்லை என்று பேச முடிகிறது. ஆனாலும் நம் ஊர் மருத்துவமனை முகப்பில் அதை அப்படியே வைக்க எனக்குத் துணிவில்லை. நான் கேட்பது ஆய்வுகளிலும், மாதிரிப் பதிவு முறையிலும், தாய்சேய் இறப்புத் தணிக்கையிலும். பெயர் நீக்கி, சிறிய எண்கள் ஆளைக் காட்டிக்கொடுக்காதபடி மறைத்துத் தர முடியும். அதற்கான முறைகள் எங்கள் துறையில் அன்றாடப் புழக்கம். தரவு யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. கனடாவின் முதற்குடிகள் தங்கள் தரவுக்குத் தாங்களே உரிமையாளர்கள் என்ற கொள்கையை 1990களிலேயே வகுத்தார்கள். நியூசிலாந்தின் மாவோரிகளும் அதைக் கேட்டுப் போராடுகிறார்கள். எங்களை எண்ணாதே என்று அவர்கள் சொல்லவில்லை. எண்ணும்போது நாங்களும் மேசையில் இருப்போம் என்கிறார்கள். நம்முடைய தரவு மேசைகளில் நம் ஆட்கள் எத்தனை பேர்? நான் உட்கார்ந்த அறைகளில், தேநீர் கொண்டுவந்தவரைச் சேர்த்து எண்ணினால் சில நாள் இரண்டு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 1984இல் தொடங்கிய டி.எச்.எஸ். திட்டத்துக்கு அமெரிக்கா கொடுத்துவந்த பணத்தை 2025இல் டிரம்ப் அரசு நிறுத்தியது. ஏழை நாடுகளின் சுகாதார ஆய்வுகளை இனி யார் நடத்துவது, எந்தப் படிவத்தில் நடத்துவது என்ற பேச்சு எல்லா அலுவலகங்களிலும் ஓடுகிறது. பணம் குறைந்தால் கேள்விகளைக் குறைப்பார்கள். குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது யாருடைய கேள்வி என்று தெரியும். இன்னொரு பக்கம், 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எண்ணப்போவதாக இந்திய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரங்களை வெளியிடாமலே விழுங்கியவர்கள் இவர்கள். தலையை மட்டும் எண்ணி, அந்தத் தலைகள் எந்த வயதில் சாய்கின்றன என்பதை மாதிரிப் பதிவு முறையில் எண்ணாமல் விட்டால் நமக்குக் கிடைப்பது பாதிக் கணக்கு. இட ஒதுக்கீட்டுக்காக இந்தக் கணக்கைக் கேட்கும் நம் இயக்கங்கள் இறப்புக் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இதுவரை அந்தக் குரல் என் காதில் விழவில்லை.

சென்ற வாரம் புதிய படிவத்தின் வரைவு வந்தது. வீட்டு விவரப் பகுதியில் சாதிக்கு ஒரு வரியும், களப்பணியாளர் விவரப் பகுதியில் அவர்களுடைய சாதிக்கு ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன். முதல் வரிக்கு எதிரே 'பரிசீலனையில்' என்று குறிப்பு வந்திருக்கிறது. இரண்டாவது வரியை யாரோ அழித்திருக்கிறார்கள். யார் என்று கோப்பின் வரலாற்றில் பதிவாகியிருக்கும். திங்கட்கிழமை கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் கேட்கப் போகிறேன்.