பாடத்தை வீடியோ சொல்லட்டும்... சந்தேகத்தை ஆசிரியர் கேட்கட்டும்!

பள்ளிக்கு ஒருநாள் லீவு போட்ட பிள்ளை, மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் மேஜை அருகே வந்து நிற்கும். ‘நேத்து என்ன நடத்துனீங்க டீச்சர்?’ உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் ஆசிரியரும் இந்தக் கேள்விக்குப் பழகியவர்தான். ஒரு பிள்ளை கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாரா வாரம் பத்துப் பிள்ளைகள் வந்து நின்றால்?

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் மலைப்பகுதியில் உட்லேண்ட் பார்க் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த ஜொனாதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் ஆகிய இருவருக்கும் இதுதான் பிரச்னை. விளையாட்டுப் போட்டிகளுக்காக மாணவர்கள் அடிக்கடி வெளியூர் போவார்கள். போட்டி நடக்கும் பள்ளிகளோ தொலைவில் இருக்கும். பஸ் பயணத்திலேயே பல வகுப்புகள் பறிபோகும். திரும்பி வந்தவர்களுக்கு அதே பாடத்தை மறுபடி நடத்தியே ஆசிரியர்கள் களைத்துப் போனார்கள்.

அப்போதுதான் ஒரு மென்பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரியவந்தது. பவர்பாயின்ட் பக்கங்களோடு, பேசும் குரலையும் திரையில் எழுதுவதையும் சேர்த்து வீடியோவாகப் பதிவு செய்து கொடுக்கும் மென்பொருள் அது. 2007-ல் இருவரும் தங்கள் பாடங்களைப் பதிவு செய்து இன்டர்நெட்டில் போட ஆரம்பித்தார்கள். லீவு போட்டவர்கள் பார்த்துக்கொண்டால் தங்கள் வேலை குறையும் என்பதுதான் அவர்களது முதல் கணக்கு.

கணக்கு வேறு மாதிரி போனது. வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் அதே வீடியோவைப் பார்த்தார்கள். ஒருமுறை கேட்டதில் புரியாத இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்கள். வகுப்பில் ‘இன்னொரு தடவை சொல்லுங்க சார்’ என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஓர் ஆசிரியர் கிடைத்துவிட்டார்.

வகுப்பு தலைகீழானது!

இதைக் கவனித்த ஆரோன் சாம்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. மாணவனுக்கு ஆசிரியர் நேரில் தேவைப்படுவது எப்போது? பாடத்தைக் கேட்கும்போதா? இல்லை. கணக்கைப் போட ஆரம்பித்து, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான். ஆனால், பள்ளிகளில் நடப்பது என்ன? பாடம் சொல்லும்போது ஆசிரியர் கூடவே இருக்கிறார். வீட்டுப்பாடம் செய்யும்போது, அதாவது உண்மையிலேயே உதவி வேண்டிய நேரத்தில், பிள்ளை தனியாக இருக்கிறது.

அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றினால் என்ன? பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்க்கட்டும். வீட்டுப்பாடத்தை வகுப்பில் ஆசிரியர் முன்னால் செய்யட்டும். 2007-08 கல்வியாண்டில் வேதியியல் பாடங்கள் முழுவதையும் இருவரும் இப்படி மாற்றினார்கள். ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’ என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் முறை இது. தமிழில் தலைகீழ் வகுப்பறை என்று சொல்லலாம்.

கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்த ஆசிரியர்கள் மேஜை மேஜையாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாணவனிடமும் ஒரு வார்த்தையாவது பேச முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனைகள் செய்யவும் கூடுதல் நேரம் கிடைத்தது. முன்பெல்லாம் கையை உயர்த்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே ஆசிரியரின் நேரம் போய்க்கொண்டிருந்தது. இப்போது கையை உயர்த்தத் தயங்குபவர்களுக்கு அது கிடைத்தது.

ஆசிரியர்கள் படித்த பாடம்

இந்த மாற்றம் எடுத்த எடுப்பிலேயே சரியாக வந்துவிடவில்லை. தாங்கள் கற்றுக்கொண்டதை 2012-ல் இருவரும் ஒரு புத்தகமாகவே எழுதினார்கள். அவற்றில் சில, ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் உதவும்.

ஒரு தலைப்புக்கு ஒரு வீடியோ. அதுவும் 15 நிமிடத்துக்குள், முடிந்தால் 10 நிமிடத்துக்குள். வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசுவதை அப்படியே பதிவு செய்தால் எந்தப் பிள்ளையும் பார்க்காது.

ஒருவரே பேசுவதைவிட இருவர் பேசினால் நல்லது. ஒருவர் விளக்க, இன்னொருவர் மாணவனுக்கு வரக்கூடிய சந்தேகத்தைக் கேட்கும்போது பாடம் உரையாடலாகிவிடுகிறது.

வீடியோ பார்ப்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதற்கு அவர்கள் செய்த வேலை சுவாரஸ்யமானது. முதல் சில வீடியோக்களை வகுப்பிலேயே போட்டு, நிறுத்தும் பொத்தானை ஒரு மாணவனிடம் கொடுத்துவிடுவார்கள். அவன் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்துவான். மற்றவர்கள் எரிச்சலாவார்கள். ஒருவருக்கு வேகம் போதாது, இன்னொருவருக்கு வேகம் அதிகம். ஒவ்வொருவர் வேகமும் வேறு என்பதும், அந்தப் பொத்தான் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்பதும் யாரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

வீடியோவைப் பார்த்தால் மட்டும் போதாது. குறிப்பு எடுக்க வேண்டும், தனக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியோடு வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையும் இந்த ஒரு கேள்விக்காகப் பேசியாக வேண்டும். அந்தக் கேள்விகளில் இருந்தே, தன் விளக்கம் எங்கே சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதை ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார்.

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இல்லாத வீடுகள் அங்கேயும் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடங்களை டி.வி.டி.யில் பதிந்து கொடுத்தார்கள். வசதி இல்லாத பிள்ளைக்கு வழி செய்துவிட்டுத்தான் புதிய முறையைத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான பாடம்.

முதலில் மொழி, பிறகு கோடு

இந்தியாவிலும் இப்படி ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில், பரிதேவாடி கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கு 2009-ல் ஆசிரியராகப் போனவர் ரஞ்சித்சிங் திசாலே. அங்கே பாழடைந்த ஒரு கட்டடம்தான் பள்ளி. ஒருபக்கம் மாட்டுக்கொட்டகை. படிக்க வந்த சிறுமிகளின் தாய்மொழி கன்னடம், பாடநூலோ அந்த மொழியில் இல்லை.

திசாலே முதலில் கன்னடம் கற்றுக்கொண்டார். பிறகு பாடங்களைப் பிள்ளைகளின் மொழிக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான், புத்தகத்தின் பக்கங்களில் கியூ.ஆர். கோடுகளைச் சேர்த்தார். அவற்றை செல்போனில் ஸ்கேன் செய்தால் பாட்டு, கதை, பாட வீடியோ, பயிற்சி எல்லாம் வரும். 2020-ல் அவருக்கு ‘குளோபல் டீச்சர்’ பரிசு கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசுத் தொகையில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார்.

கொலராடோ ஆசிரியர்களுக்கும் திசாலேவுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. புதிதாக ஒரு கருவி வந்துவிட்டது, அதை எங்கே பயன்படுத்தலாம் என்று இவர்கள் தேடவில்லை. பிள்ளை எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தார்கள். அதற்குத் தகுந்த கருவியைப் பிறகு எடுத்தார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டிலும் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடுகள் இருக்கின்றன. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது செல்போனே வகுப்பறையானது. அப்பா வேலைக்கு எடுத்துப்போன போன் இரவு வீடு திரும்பும்வரை காத்திருந்த பிள்ளைகளும் உண்டு. பாடம் போனில் இருக்கிறது என்பதால் மட்டுமே அது பிள்ளையிடம் சேர்ந்துவிடாது என்பதை அந்த நாட்கள் காட்டின.

போன் இருக்கும் வீடுகளில் பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பிள்ளை பாட வீடியோ பார்க்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நடுவில் நிறுத்தி, ‘இதுவரைக்கும் என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். ‘வீடியோ பார்த்து முடிச்சாச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்ற பதில்தான் வரும். ‘எந்த இடம் புரியலை?’ என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை ஒரு தாளில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

புதுக் கருவிகளைக் கண்டு தயங்கும் மூத்த ஆசிரியர்களுக்கும் இதில் ஆறுதல் உண்டு. புரொஜெக்டரை இணைக்கவும், வீடியோவைத் தேடி எடுக்கவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அவரைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். அவனையே கூப்பிட்டுச் செய்யச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெரியவர்களும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கும் பிள்ளை, தனக்குத் தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாது. ‘புரிஞ்சுது சார்’ என்று வாய் சொல்லும்போதும் முகம் ‘புரியலை’ என்று சொல்வதைக் கண்டுபிடிப்பது, இருபது முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவருக்குத்தான் கைவந்த கலை. அதை எந்த வீடியோவும் செய்வதில்லை. பாடம் சொல்லும் வேலையில் பாதியை வீடியோவிடம் விட்டால், அந்த முகங்களைப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்.