முழுப் பெயர் எழுதாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்குக் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள், அப்படி யாராவது தெரிந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் இப்போது மேலூரில் ஆட்டோ ஓட்டுகிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். "டீச்சர், மகன் காலேஜ் சேரப் போறான், கேட்டுக்கிட்டே இருக்கான். வீட்டுல செயினை அடகு வச்சுத்தான் வாங்கணும். இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். மதுரையில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

"ஐ7 கேமிங் சிஸ்டம். 16 ஜிபி ராம். 4 ஜிபி கிராபிக்ஸ். ஆர்ஜிபி லைட் கேபினட், 450 வாட் எஸ்எம்பிஎஸ். மொத்தம் ரூ. 48,000."

இதற்குப் பெயர் கொட்டேஷன் இல்லை. இனிஷியல் போடாத வருகைப் பதிவேடு. ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் நான் என்ன செய்வேன்? இனிஷியலைப் பார்த்துத்தான் மார்க் போடுவேன். கம்ப்யூட்டர் பாகங்களுக்கும் அப்படித்தான். "ஐ7" என்பது வெறும் பெயர். அதற்குப் பின்னால் வரும் எண்தான் இனிஷியல். ஐ7-2600 என்றால் 2011-ல் வந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய அதே ஆண்டு. ஐ7-14700 என்றால் 2024-ல் வந்தது. இரண்டும் ஐ7தான்!

மாடல் நம்பர் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். முதல் தடவை அவனுக்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுண்ணே." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். நகையை அடகு வைத்துப் பணம் கொடுப்பவனுக்குப் புரியாதாம்! புரியாத பொருளுக்கு அவன் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

மறுபடி கேட்டபோது நம்பர் வந்தது. பிராசஸர் ஐ7-3770, 2012-ல் வந்தது. மதர்போர்டு எச்61 வகை. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, 2014-ல் வந்தது. அந்த பிராசஸரில் நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100-லும் நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் வேகத்தில் அந்தப் பழைய ஐ7, இந்த ஐ3-க்குப் பக்கத்தில்கூட வராது. அதைவிட முக்கியமாக ஒன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். ஐ7-3770 மூன்றாம் தலைமுறை. பையன் வீட்டுக்கு எடுத்துவரும் முதல் நாளே அது காலாவதியான பெட்டி.

சரி, 4 ஜிபி கிராபிக்ஸ் இருக்கிறதே என்பார்கள். குதிர் பெரிதாக இருந்தால் நெல் விளைந்துவிடுமா? ஜிபி என்பது குதிர். விளைச்சல் அந்த சிப்பின் வேலை. ஜிடி 730-ல் எத்தனை ஜிபி போட்டாலும் இன்றைய விளையாட்டுகள் ஓடாது.

பழைய சாமானே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுத, பில் போட, பழைய ஐ7 தாராளமாகப் போதும், அதற்குரிய விலைக்குக் கொடுத்தால். அதில் கலர் லைட்டை மாட்டி "கேமிங்" என்று பெயர் வைத்து 48,000 கேட்பதைத்தான் தப்பு என்கிறேன். முழு மாடல் பெயரையும் எழுதி, விளக்கமும் சொல்லி விற்கும் கடைகள் மதுரையிலும் உண்டு, சென்னை ரிச்சி தெருவிலும் உண்டு. அவர்களுக்கு என் வணக்கம்.

"விளையாட்டுக்கா அக்கா இவ்வளவு பணம்? எல்லாம் ரம்மி ஆடிக் கெட்டுப்போறானுங்க" என்று சொந்தத்தில் சிலர் சொல்கிறீர்கள். இரண்டையும் குழப்பாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2022-லேயே சட்டம் இயற்றினார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அந்த ரம்மிக்கு இந்தக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை, கையில் இருக்கும் போன் போதும். கேமிங்குக்கு வாங்கும் இயந்திரத்தில்தான் பையன் நாளைக்குப் பிளெண்டரில் அனிமேஷன் செய்வான், வீடியோ எடிட் செய்வான், கல்லூரி புராஜெக்ட் முடிப்பான். எத்தனை மணி நேரம் ஆடலாம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அதற்காக மட்டமான பெட்டியை வாங்கிக் கொடுத்தால் விளையாட்டும் ஓடாது, படிப்பும் ஓடாது.

டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: பேரனுக்கு ஒன்று சேர்த்தபோது இரண்டு மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று படித்தேன். உள்ளே இருப்பதெல்லாம் விகிதக் கணக்குதான். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் விலை எழுதவில்லை, முறையை மட்டும் எழுதுகிறேன்.

1. மானிட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். 1920 x 1080 என்றால் திரையில் 20,73,600 புள்ளிகள். 4கே என்றால் சரியாக அதைப் போல நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளையும் நொடிக்கு அறுபது தடவை வரைய வேண்டும். நடுத்தர பட்ஜெட்டுக்கு 1080 போதும். 4கே ஆசை வேண்டாம்.

2. மானிட்டர் நீங்கலாக உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். விளையாட்டில் பெரும்பாடு படுவது அதுதான். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3060, 4060 போன்றவை இந்த வரிசை. இங்கேயும் இனிஷியல் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. மெமரி மட்டும் குறைவு என்று நினைக்காதீர்கள். 6 ஜிபி கார்டில் உள்ளே இருக்கும் சிப்பும் மெமரிக்குப் போகும் பாதையும் சின்னது.

3. பிராசஸர், கார்டுக்குச் சமமாக இருந்தால் போதும். கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தாலும் மடை சின்னதென்றால் கடைசி வயல் காயும். ஒருபோகப் பாசனம் பார்க்கும் மேலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நேரம், தண்ணீர் இல்லாத கண்மாய்க்கு அகலமான மடை எதற்கு? ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். நடுத்தர கார்டுக்கு ஏற்ற மடை இது. கடைசியில் "எஃப்" என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ரைசன் 5 5600-க்கும் அப்படியே.

4. ராம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். ஒரே குச்சியாக இல்லாமல் 8 + 8 என்று இரண்டாக வாங்குங்கள். ஒற்றை மாட்டு வண்டிக்கும் இரட்டை மாட்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது, செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே கம்பெனிகள் மெமரியைத் திருப்பிவிட்டதால். ஆகவே இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் குறைப்பார்கள். எண்ணிப் பாருங்கள்.

5. எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத 450 வாட், ஸ்டிக்கரில் மட்டும்தான் 450. கணக்குப் போடுங்கள்: ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், பிராசஸருக்கு 65 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-க்குள். ஆகவே 850 வாட் வாங்கச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். 80 பிளஸ் சான்றுள்ள நல்ல கம்பெனியின் 550 வாட் போதும். மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் ஆடும் ஊர் நம் ஊர். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

6. கேபினட்டுக்குக் கண்ணாடியும் லைட்டும் வேண்டாம், காற்று போக வழி இருந்தால் போதும்.

முழுப் பணமும் இப்போது இல்லையா? கடன் வாங்காதீர்கள். ரைசன் 5 5600ஜி என்று கேளுங்கள். அந்த "ஜி" இருந்தால் கார்டு இல்லாமலே படம் வரும், படிப்பும் சின்ன விளையாட்டுகளும் ஓடும். எஸ்எம்பிஎஸ் மட்டும் நல்லதாகப் போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். 5600 அளவுக்கு வேகம் வராது, ஆனால் செயின் கழுத்தில் இருக்கும். ஆட்டோக்காரப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

"பில் வேண்டாம்னா மூவாயிரம் குறைச்சுக்கலாம்" என்பார்கள். குறைக்காதீர்கள். பெட்டியோடு வரும் இன்டெல், ஏஎம்டி பிராசஸருக்கு மூன்று வருட வாரண்டி. பில் இல்லாமல் பொருள் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

ஆகவே கடைக்காரரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனிப் பெயர், முழு மாடல் நம்பர், வாரண்டி, விலை. நான்கையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் உட்கார்ந்து பேசுங்கள். "புரியாது" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த கடை இருக்கிறது.

கொட்டேஷன் கையில் இருப்பவர்கள் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன். பழக்கம்தானே.