சீர்திருத்தம் யாருக்கு?



தேனாம்பேட்டை சினோடாப் ரோடு வழியாக உங்களில் பலர் தினமும் போவீர்கள். காரன்வாலிஸ் பிரபுவின் நினைவு மண்டபம் முன்பு அங்கே இருந்ததால் வந்த பெயர் அது. அவரது சிலை இன்றும் கோட்டை மியூசியத்தில் நிற்கிறது.

பாடப்புத்தகத்தில் அவரைச் சீர்திருத்தவாதி என்று படித்திருப்பீர்கள். அது உண்மைதான். கம்பெனி ஊழியர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தி லஞ்சத்தைக் கட்டுப்படுத்தினார். ஆனால் அவர் கவர்னர் ஜெனரலாக இருந்த 1791-ல்தான், இந்தியருக்குப் பிறந்த பிள்ளைக்குக் கம்பெனியில் சிவில், ராணுவப் பதவி கிடையாது என்று லண்டன் இயக்குநர்கள் முடிவு செய்தார்கள்.

இதற்கு முப்பது வருடம் முன்பு நிலைமை வேறு. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்து அவர்களைத் திணறடித்தவர் ராமநாதபுரச் சீமையில் பிறந்த யூசுப் கான், நம் மருதநாயகம். கம்பெனியின் சிப்பாய்களுக்கே தளபதியாக உயர்ந்தவர். பின்னால் எதிர்த்து நின்றதால் 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தியருக்கு உச்சப் பதவி சுபேதார் என்றாகிவிட்டது. தலை நரைத்த சுபேதாருக்கும் மேலே, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பையன்!

பிரான்சிலும் இதே கதைதான். பதினாறாம் லூயி காலத்தில் 1781-ல் செகூர் என்ற ராணுவ அமைச்சர் ஓர் ஆணை கொண்டுவந்தார். நேரடியாக அதிகாரி ஆக வேண்டுமானால் நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் என்று நிரூபிக்க வேண்டும். பணக்காரர்கள் பதவிகளைப் பிடித்துக்கொள்வதால் ஏழைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு வழியில்லை என்பது காரணம். அதற்கும் பெயர் சீர்திருத்தம்தான். திறமையுள்ள சார்ஜென்ட்டுகள் தேங்கி நின்றார்கள். 1789 புரட்சி அந்தத் தடையை உடைத்தது. அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவரின் மகன் ஹோஷ், 1793-ல் இருபத்தைந்து வயதில் ஜெனரல் ஆனார்.

நம் பரங்கிமலை ராணுவ அகாடமியில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். ஆனாலும் நிரந்தரப் பணியும் தலைமைப் பொறுப்பும் மறுக்கக் கூடாது என்று சொல்ல, 2020-ல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது.

உங்களில் பலர் இன்று பெரிய பொறுப்பில் இருக்கிறீர்கள். சீர்திருத்தம் என்று ஒரு காகிதம் கையெழுத்துக்கு வந்தால், அது யாருக்குக் கதவைத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்று முதலில் பாருங்கள். பிறப்பைப் பார்த்து மூடுகிறது என்றால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.